கொல்லிமலைக்கு ஒரு லேசான துப்பாக்கி

துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம், வேட்டைக்காரன் ஆவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன் நான் சுட்டது அப்பளம் மட்டும்தான். அதுவும் ஒரு பக்கம் கருகிவிட்டது.

காரணம் என் மச்சான் பிராங்கிளின். என் மனைவி ஜானட்டின் தம்பி. ரயில்வே வேலையை முன்னதாகவே விட்டுவிட்டு, கொல்லிமலையில் கொஞ்சம் நிலம் வாங்கி, மிளகும் மரவள்ளியும் போட்டு, அங்கேயே வீடு கட்டிக்கொண்டு தனியாக இருந்தான். தவக்காலம் தொடங்கிய வாரத்தில் போன் செய்தான். காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து மரவள்ளியைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போகின்றனவாம். ஈஸ்டர் முடிந்ததும் அவனுக்கு நாமக்கல்லில் கண் ஆபரேஷன். அதன்பின் கொஞ்ச நாள் குனியக்கூடாது, வெயிலில் நிற்கக்கூடாது. யாராவது வந்து கூட இருந்தால் தேவலை என்றான்.

அந்த ‘யாராவது’ நான்தான் என்று எனக்கு உடனே பட்டது.

ஜானட்டுக்கும் போக ஆசை உண்டு. தம்பி வீடு கட்டி ஆறு வருஷமாகியும் அவள் அந்த வாசற்படியை மிதிக்கவில்லை. தண்ணீர் அவளை நகர விடவில்லை. நாங்கள் இருந்தது கல்மண்டபம் பக்கத்தில் ஒரு வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. குழாய்த் தண்ணீர் மாடி ஏறாது. ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வரும். ஜானட் எங்களுக்கு எட்டுக் குடமும், எதிர் வீட்டுச் சிலுவையம்மாளுக்கு நாலு குடமும் தூக்கிக்கொண்டு ஏறுவாள். சிலுவையம்மாள் இடுப்பு உடைந்து, வாக்கர் பிடித்து நடக்கிறவள். பிள்ளை குட்டி இல்லை. வாய்க்கு மட்டும் வாக்கர் தேவைப்பட்டதில்லை.

நான் ஏன் தூக்கவில்லை என்று கேட்பீர்கள். நான் முப்பத்தாறு வருஷம் கிரேன் ஓட்டியவன். இருபது டன் கன்டெய்னரை இரண்டு விரலால் தூக்கி லாரியில் வைப்பேன். குடத்துக்கு லீவர் கிடையாது. ஜானட் கேட்டால் முட்டி வலி என்பேன். அவள் கேட்காத நாளில் முட்டி வலித்ததில்லை.

அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன்.

“பிராங்கிளின் வூட்டுக்கு நான் போறேன். துப்பாக்கியோட.”

“இன்னா துப்பாக்கி?”

“வேட்டைத் துப்பாக்கி. மலையேறத்துக்குன்னே லைட்டா வருது.”

“தவக்காலத்துல பன்னி நெனப்பா?”

“துன்றதுக்கா சொல்றேன்? மரவள்ளிய காப்பாத்தத்தான்.”

அவள் ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

“சரி,” என்றாள்.

எங்கள் கல்யாண வாழ்க்கையில் ஜானட் ஒரே தடவையில் ‘சரி’ சொன்னது கோயில் பீடத்தில் ஒருமுறை. இது இரண்டாவது. எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

போனில் நெட்டை இலவசமாக வாரிக் கொடுத்த காலம் அது. நாள் முழுக்க துப்பாக்கி வீடியோ பார்த்தேன். தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் பனிமலையில் நின்று பேசுவார்கள். பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. மலைக்குப் போகிறவனுக்குத் துப்பாக்கியின் எடைதான் எல்லாம். குழல் நீளமானால் கனம். தோளில் அணைக்கிற கட்டை மரமானால் கனம். மேலே தொலைநோக்கி மாட்டினால் அது தனிக் கனம். கீழே ஒன்றுமில்லாததாகத் தெரிகிற அரைக் கிலோ, மலையில் பாதி ஏறியதும் மாமியார் மாதிரி தோளில் உட்கார்ந்துகொள்ளும். இதையெல்லாம் ஜானட்டிடம் விளக்கினேன். அவள் கவனமாகக் கேட்டாள். அதுவும் வழக்கமில்லாதது.

துப்பாக்கி எங்கே கிடைக்கும் என்று ஜுபைரிடம் போனேன். உடைத்த கப்பல்களின் சாமான்களை விற்கிறவர் அவர். கயிறு, மிதவைச் சட்டை, பைனாகுலர், கப்பல் கக்கூஸ் வரைக்கும் அவரிடம் கிடைக்கும். என் ஆசையைக் கேட்டுவிட்டு டீயைக் கீழே வைத்தார்.

“மாமு, நெசத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேணும். நீ அத வாங்கறதுக்குள்ள பன்னி பேரன் பேத்தி எடுத்துடும். லைசென்ஸ் இருந்தாலும் நீயா போயி சுட்டேன்னு வெச்சுக்கோ, ஃபாரஸ்ட்காரன் பன்னிய வுட்டுட்டு உன்னப் புடிப்பான்.”

“அப்ப இன்னா பாய் பண்றது?”

“ஏர் கன்னு வாங்கு. தகரத்துல சுடு. சத்தத்துக்கு ஓடிடும்.”

வேட்டைக்காரன் தகர டப்பாக்காரன் ஆனேன். இருந்தாலும் துப்பாக்கி துப்பாக்கிதான். ஜுபைர் தெரிந்த கடையிலிருந்து இரண்டை வரவழைத்தார். ஒன்று தேக்கு நிறத்தில் மரக்கட்டை போட்டது. இன்னொன்று கருப்பு பிளாஸ்டிக். பக்கத்து மீன் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். மரம் மூன்றரைக் கிலோ. பிளாஸ்டிக் இரண்டரை. என் மனம் மரத்தில் இருந்தது. தாடிக்காரர்கள் எல்லாரும் மரம்தான் வைத்திருந்தார்கள். ஜுபைர் ஒத்துக்கொள்ளவில்லை. மரம் போட்டோவுக்கு, பிளாஸ்டிக் ஏற்றத்துக்கு என்றார். பார்த்து முடிவு செய் என்று இரண்டையுமே கொடுத்தனுப்பினார்.

போர்வையில் சுற்றி மாடிக்கு எடுத்துப் போனேன். சிலுவையம்மாள் வாசலிலேயே மடக்கினாள். புது வாக்கரா, முட்டி அவ்வளவு மோசமாகிவிட்டதா என்று விசாரித்தாள்.

ஜானட் இரண்டையும் மாறி மாறித் தூக்கினாள். மீன் வாங்கும்போது கையிலேயே எடை பார்ப்பாளே, அந்த மாதிரி. பிறகு கருப்பைத் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைக் குறி பார்த்தாள்.

“இதான்.”

“மரம்தான் லட்சணமா கீது.”

“லட்சணத்தையா தூக்கினு மலை ஏறுவீங்க? இதான்.”

முடிந்தது. அடுத்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“ஹார்பர்ல புது கிரேன் வந்தா இன்னா பண்ணுவீங்க?”

எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து என் கிரேனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. உட்கார்ந்து விளக்கினேன். எந்தக் கம்பெனி கிரேனாக இருந்தாலும் வந்தவுடன் வேலைக்கு விடமாட்டோம். தூக்க வேண்டிய எடையைவிடக் கால் பங்கு கூடுதலாகக் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்போம். வளைகிறதா, முனகுகிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்ப்போம். பிறகுதான் சர்டிபிகேட். அதில்லாமல் ஒரு சாக்குக்கூடத் தூக்கக்கூடாது.

“நல்ல ரூலு,” என்றாள் ஜானட். “துப்பாக்கிய பாத்தாச்சு. அதத் தூக்கப்போற கிரேன யாரு பாத்தது?”

சுற்றும் முற்றும் பார்த்தேன். வீட்டில் வேறு கிரேன் இல்லை.

அவளே கணக்கும் போட்டாள். துப்பாக்கி இரண்டரை. பை, சோறு, தண்ணீர், ஸ்வெட்டர். எல்லாம் பன்னிரண்டு கிலோ. கால் பங்கு கூட்டினால் பதினைந்து. இந்த வீட்டில் பதினைந்து கிலோவுக்கு என்ன இருக்கிறது என்று யோசிக்கிற மாதிரி மோவாயில் விரல் வைத்தாள். அடுக்களை மூலையில் பச்சைக் குடம் இருந்தது. தண்ணீரோடு கிட்டத்தட்ட பதினைந்து கிலோ. என்ன பொருத்தம் என்று நானே சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

மறுநாள் லாரி வந்தது. ஒரு குடத்தைத் தோளில் வைத்தேன். முதல் மாடியில் நின்றேன். இரண்டாம் மாடியில் உட்கார்ந்தேன். மூன்றாம் மாடிக்குக் குடம் வந்து சேர்ந்தது. நான் பிறகு வந்தேன்.

லட்சியம் மறந்துவிடக்கூடாது என்று ஜானட் அடுத்த முறை துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே ஏறினாள். முன்னால் குடத்தோடு நான், பின்னால் துப்பாக்கியோடு அவள். பார்த்தவர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். கீழ் வீட்டுக்காரர் அன்று மாலையே தன் வீட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்தேன்.

இரண்டாம் வாரம் நாலு குடம். நடுவில் நிற்கக்கூடாது என்று புது விதி வந்தது. மலையில் உட்கார நாற்காலி போட்டிருக்க மாட்டார்கள் என்றாள். அடுத்த வாரம் தண்ணீர் தளும்பக்கூடாது. தளும்பினால் கை ஆடுகிறது, கை ஆடினால் குறி தப்பும். எனக்கு நியாயமாகப் பட்டது. எட்டுக் குடம் வந்ததும், மலை என்றால் ஒன்று ஏறி இறங்கினால் இன்னொன்று இருக்கும் என்றாள். அந்த இன்னொன்று சிலுவையம்மாள் வீடு. அந்த அம்மாள் வாக்கரைப் பிடித்தபடி ஒவ்வொரு குடத்தையும் எட்டிப் பார்ப்பாள்.

“ஜானட்டு கொண்ணாந்தா கழுத்துவரைக்கும் இருக்கும். நீ இன்னாப்பா, வழியில குடிச்சுகினே வந்தியா?”

நான் லாரி வரிசையில் நிற்கும் நேரத்தில் மொட்டை மாடியிலிருந்து ‘டப் டப்’ என்று கேட்கும். போய்ப் பார்த்தால் பழைய பெயின்ட் டப்பாவில் ஓட்டைகள். எல்லாம் நடுவில். துப்பாக்கி வேலை செய்கிறதா என்று பார்த்ததாகச் சொன்னாள். லாரி வந்த நாளெல்லாம் பார்த்தாள்.

இரவில் என் முட்டிக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிடுவாள். அந்த வாரங்களில் அவள் தூக்கத்தில் வலது தோளைப் பிடித்துக்கொண்டு முனகவில்லை என்பதைக் கவனித்தேன். பாவம், என் பயணத்தை நினைத்துச் சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஜானட் இறந்து இப்போது நாலு வருஷம். என் முட்டி இன்னும் நன்றாக இருக்கிறது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை கடைசி சோதனை. பன்னிரண்டு குடம், நிற்காமல், தளும்பாமல். கதவுகளைத் திறந்துவைத்துக்கொண்டு பிளாக்கே பார்த்தது. பன்னிரண்டாவதை இறக்கி வைத்தபோது எனக்கு மூச்சு வாங்கவில்லை. ஜானட் கட்டை விரலால் என் நெற்றியில் சிலுவை போட்டாள்.

“சர்டிபிகேட்டு குடுத்தாச்சு,” என்றாள். அவள் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ஈஸ்டர் பூசை முடிந்து மறுநாள் காலை. என் பையைக் கட்டி வாசலுக்குக் கொண்டுவந்தேன். வாசலில் ஏற்கனவே ஒரு பெட்டி இருந்தது. பக்கத்தில் புதுப் புடவையில் ஜானட். தோளில் போர்வை சுற்றிய துப்பாக்கி.

“நீ எங்க கெளம்பிட்டே?”

“தம்பி வூட்டுக்கு.”

“நான்தானே போறேன்?”

“அவனுக்குக் கண்ணுல மருந்து வுடணும். கஞ்சி வெக்கணும். ரெண்டுல எது உங்களுக்கு வரும்?”

“பன்னிய யாரு வெரட்டறது?”

அவள் துப்பாக்கியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். மயிலிறகு மாதிரி மாறியது. மலைக்கு ஏற்ற எடை என்று எனக்கே தெரிந்தது.

“அப்ப நான் எதுக்கு ஒன்றரை மாசமா ஏறி எறங்கினேன்?”

“நல்லா யோசிச்சு சொல்லுங்க. டெஸ்டு முடிஞ்ச கிரேன ஹார்பர்ல வெச்சுப்பீங்களா, வெளியூருக்கு அனுப்புவீங்களா?”

முப்பத்தாறு வருஷ சர்வீஸ். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“ஹார்பர்லதான்,” என்றேன்.

அவள் பெட்டியை நான்தான் கீழே தூக்கிக்கொண்டு போனேன். நடுவில் நிற்கவில்லை. ஜுபைர் ஆட்டோ பிடித்து வைத்திருந்தார். டிக்கெட்டும் அவர்தான் போட்டிருந்தார். அவள் பெயருக்கு. என் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார். கல்மண்டபம் சாலையிலிருந்து கடல் தெரியாது.

அன்று மாலை பிராங்கிளினுக்குப் போன் செய்து, கடைசி நேரத்தில் இப்படி ஆகிவிட்டது, தப்பாக நினைக்காதே என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

“கடைசி நேரமா? நான் மொதல்ல போன் பண்ண அன்னிக்கே அக்கா சொல்லிடுச்சே மாமா. நான் வரேன், மாமா தண்ணிய பாத்துக்குவாருன்னு.”

அவன் போன் செய்த அன்று எனக்குத் துப்பாக்கி ஆசையே வந்திருக்கவில்லை. அது மறுநாள்தான் வந்தது. அவளால் எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பத்து நாள் என்று போனவள். பத்தாம் நாள் கூப்பிட்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். தம்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அக்கா இப்பதான் நீ தெளிவா தெரியிறே என்று அழுதானாம். சாயங்காலம் தகரத்தில் நாலு சுட்டால் பன்றிகள் அந்தப் பக்கமே வருவதில்லையாம். காலையில் மேகம் வீட்டுக்குள் வருகிறதாம், கையால் தொட்டாளாம். குரல் சின்னப் பெண் குரல் மாதிரி இருந்தது. இன்னும் பதினைந்து நாள் இருக்கட்டுமா என்று கேட்டாள். இருந்துவிட்டு வா என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள் பன்னிரண்டாவது குடத்தைச் சிலுவையம்மாள் வீட்டில் இறக்கினேன். அன்று கழுத்துவரைக்கும் இருந்தது. அவளே எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். இதற்கு முன் அவள் யாருக்கும் தலையாட்டியதில்லை. பெருமையோடு கிளம்பினேன்.

“நில்லுப்பா,” என்றாள். “ஜானட்டு எனக்கும் போன் பண்ணிச்சு. ரெண்டாம் மாடி பவானி முழுவாம கீதாம், இனிமே கொடம் தூக்கக்கூடாதாம். அடுத்த லாரிலேர்ந்து அதுக்கும் நாலு கொடம் நீதான். மேல வர்ற வழிதானேன்னு சொல்லச் சொல்லிச்சு.”