நங்கூரம் செதுக்கிய கல்லறை

பழைய கல்லறைத் தோட்டத்துக்குள் வந்து வெகுநேரமாகியும் டெரன்ஸுக்குப் பேச ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் இங்கே சந்திக்கலாம் என்று சொன்னது எமில்டாதான். தருவைகுளத்தில் டிராயிங் டீச்சர். கல்லறைகளில் செதுக்கியிருக்கும் பூவும் கொடியும் என்றால் அவளுக்கு உயிர். துணைக்கு வந்த அவள் அத்தை பேபி, வேப்பமரத்தடியில் குடையை விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

டெரன்ஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். உயரத்தில் தனியாக உட்கார்ந்தே வாய் மரத்துப்போனவன். இதுவரை பார்த்த பெண்களெல்லாம் ‘மாப்பிள்ளை ஊமையா?’ என்று கேட்டுத் தட்டிக்கழித்தார்கள். தம்பிக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் ஆயிற்று. அம்மா இப்போதெல்லாம் ஜெபத்தில்கூட இவன் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மாதாவுக்கே சலித்திருக்கும் என்கிறாள்.

“ஏலே, எதையாவது பேசித் தொலைல,” என்று கூட்டாளி ஆன்றோ காலையில்தான் கெஞ்சி அனுப்பியிருந்தான்.

எமில்டா ஒரு கல்லருகே குனிந்தாள். “இந்த மண்டையோடு எவ்வளவு அழகு, பாத்தீங்களா?”

“ஆமா. கரண்ட் கம்பத்துல போட்டிருப்பாங்கல்லா, அதே மாதிரி.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மரத்தடியில் அத்தையின் குடையும் குலுங்கியது. இந்த இடமும் போச்சு என்று டெரன்ஸ் முடிவுகட்டிவிட்டான்.

“நீங்க பேசணும்னே இல்ல,” என்றாள் எமில்டா மெதுவாக. “சும்மா கூட நடந்தாலே நல்லாத்தான் இருக்கு.”

முட்டாளுக்குச் சொல்லும் ஆறுதலாகத்தான் அது அவன் காதில் விழுந்தது. எதிரே, தோட்டத்திலேயே உயரமான கல். ஒரு நங்கூரமும், அதைச் சுற்றிய கயிறும் புரிபுரியாகச் செதுக்கப்பட்டிருந்தன. உப்புக்காற்றில் எழுத்தெல்லாம் தேய்ந்து ‘பர்னாந்து’ மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தக் கரையில் பாதிப் பேருக்கு அதுதான் குடும்பப் பெயர், டெரன்ஸுக்கும்.

“இது எங்க பூட்டன் கல்லறை,” என்றான்.

எமில்டாவின் சிரிப்பு நின்றது. “ஒங்க பூட்டனா?”

முதன்முறையாக ஒரு பெண் அவன் பேச்சை இமைக்காமல் கேட்டாள். அந்தப் பார்வையைக் கைவிட அவனுக்கு மனம் வரவில்லை.

“பெரிய தோணிக்காரரு. முத்துக்குளிக்க இவரு தோணி கெளம்புனாத்தான் மத்த தோணியே கெளம்பும்.”

“நெசமாத்தான் சொல்லுதீங்களா?” அவள் குரல் நடுங்கியது.

நம்பவில்லை போலிருக்கிறது! டெரன்ஸ் செருப்பைக் கழற்றினான். நெருஞ்சிமுள்ளின் மேலேயே மண்டியிட்டுக் கல்லை முத்தமிட்டான். “இவரு ரத்தம்லா என் ஒடம்புல ஓடுது,” என்றான். முள் குத்தியதில் கண்ணீரும் வந்தது.

எமில்டாவின் கண்களும் நிறைந்துவிட்டன. “அத்தை, இங்கன வாங்களேன்.”

பேபி குடையோடு ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகமும் மாறியது. “தம்பி, யோசிச்சுச் சொல்லுங்க. இவரு ஒங்க அம்மா வழியா, அப்பா வழியா?”

அம்மா வழி என்றால் மதிப்புக் குறைந்துவிடும் என்று அவனுக்குப் பட்டது. “அப்பா வழிதான் ஆன்ட்டி. மகன், மகனுக்கு மகன்னு நேர் வாரிசு.”

“இங்கன இவருக்கு ஒரே மகன்தான இருந்தாரு?”

ஊர்க்கதையெல்லாம் தெரிந்தவள் போலும். டெரன்ஸ் வாய்க்கு வந்ததைச் சொன்னான். “மூத்தவரு ஒருத்தரு கொழும்புக்குப் போனாருல்லா? அவரு வழிதான் நாங்க.”

பேபியின் கையிலிருந்த குடை கீழே விழுந்தது. எமில்டா நங்கூரத்தின் மேல் தலையைச் சாய்த்துத் தேம்பினாள்.

தன் பேச்சுக்கு இவ்வளவு வலுவா என்று டெரன்ஸ் பயந்துபோனான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். “ஆன்ட்டி, நான் சும்மா ஒரு இதுக்குத்தான்...”

மிச்சம் வெளியே வரவில்லை. பேபி அவனை இழுத்து இறுகக் கட்டிக்கொண்டிருந்தாள். அழுகையும் சிரிப்புமாக அவன் நெற்றியில் முத்தமிட்டாள். அப்படியானால் சம்மதம்தான்! டெரன்ஸ் கண்ணை மூடி மாதாவுக்கு நன்றி சொன்னான்.

பேபி அவன் தலைக்கு மேலாக எமில்டாவைப் பார்த்துச் சொன்னாள்:

“ஏளா, கண்ணைத் தொடச்சிக்கோ. மாப்பிள்ளை பாக்கன்னு வந்தோம், கொழும்புக்குப் போயிக் காணாமப்போன நம்ம பூட்டனோட மூத்த மகன் வழியில ஒனக்கு ஒரு சொந்த அண்ணனைல்லா ஆண்டவரு காட்டிருக்காரு!”