ஒன்மோர் கேட்ட இன்னொரு கோணம்

சென்னை மாநகரில் எதையும் ஒரே தடவையில் ஏற்றுக்கொள்ளாத மனிதர் ஒருவர் இருந்தார் என்றால், அவர் எங்கள் ஒன்மோர்தான்.

கோடம்பாக்கத்தில் ஒளிப்பதிவு உதவியாளராக இருந்தவர். பிறகு எக்ஸ்ரே படிப்பு முடித்து, தொண்ணூறுகளில் அடையாற்று மருத்துவமனை ஒன்றின் ஆஞ்சியோ அறைக்கு வந்து சேர்ந்தார். நான் அங்கே சமூக நலப் பணியாளர். இதயக் குழாய்ப் படமும் அன்று ஃபிலிம் சுருளில்தான் பதிவாகும். ஆகவே துறை மாறியதாக அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

படுத்திருப்பவரிடம், "கேமராவப் பாக்காத நைனா, நேச்சுரலா இரு" என்பார். ஒவ்வொரு படமும் முடிந்ததும், படப்பிடிப்பில் மறுபடி எடுக்கச் சொல்வது போல, "ஒன் மோர்!" அதுவே அவர் பெயராகிவிட்டது. தம் கல்யாணத்திலேயே கோணம் சரியில்லையென்று தாலியை மறுபடி கட்டக் கேட்டாராம். மாமனார் அன்று நிறுத்திய பேச்சை இன்னும் தொடங்கவில்லை.

எனக்கு அவர்மீது மனத்தாங்கல் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் சாய மருந்து ஏற்ற வேண்டும். அந்தச் சுமை சிறுநீரகத்துக்கு. "உங்க ஆசைக்கு அவங்க ஒடம்புதானா கெடச்சுது?" என்று கேட்டும் இருக்கிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் கன்னியம்மா வந்தார். இதயக் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் அடைப்பு. அடைப்பை விரித்துப் பிடிக்கும் வலைக்குழலான ஸ்டென்ட்டை டாக்டர் கையில் எடுத்துவிட்டார்.

"சார், ஒன் மோர்."

"யோவ், போதும்யா! ஏற்கெனவே சாயம் அதிகம்."

"ரெண்டு கிளையும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்கினு கீது சார். சின்னதோட வாய் தெரியல. தெரியாம பெருசுல ஸ்டென்ட் வெச்சா, சின்னது மூடிக்கும்."

கன்னியம்மா தலையைத் தூக்கினார். "இன்னாய்யா, கல்யாண போட்டோவா புடிக்கிற? வூட்ல மீனு கெடுது!"

"ஆடாத யக்கா! நீதான் ஈரோயினு."

அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்ற நான், அன்றும் டாக்டர் பக்கமே. ஆனால் டாக்டர் பெருமூச்சு விட்டுத் தலையசைத்தார். கேமரா சாய்ந்தது. சின்னக் கிளையின் வாய், நூல் நுழையும் அளவுக்குத்தான் திறந்திருந்தது.

குழாய்க்குள்ளேயே போய் ஒலியலையால் படம் காட்டும் மெல்லிய கருவி, அப்போது எங்களுக்குப் புதிது. அதைச் செலுத்தி அடைப்பை அளந்தார்கள். திரையைப் பார்த்த ஒன்மோர், "உள்ளயே கேமரா போவுது சார்!" என்று பொறாமையில் வெந்தார். டாக்டர் முதலில் சின்னக் கிளைக்குள் ஒரு கம்பியைக் காவலுக்கு விட்டார். பெரியதில் ஸ்டென்ட்டை விரித்தார். அதன் வலைக்கண் வழியே பலூன் விட்டுச் சின்னதையும் திறந்தார். இரண்டு கிளைகளிலும் இரத்தம் பாய்ந்தது.

"இன்னொண்ணு வேணுமாய்யா?" என்றார் டாக்டர்.

"வேணாம் சார். ஓகே." அவர் ஓகே சொல்லி அன்றுதான் கேட்டோம்.

மறுமாதம் கன்னியம்மா முழு வஞ்சிரத்தோடு வந்து ஒன்மோர் கையில் கொடுத்தார். அவர் விரல்களால் படச்சட்டம் கட்டிப் பார்த்து, முகம் சுளித்தார்.

"யக்கா, என்ட்ரி சரியில்ல. ஒன் மோர்."

கன்னியம்மா மறுபேச்சின்றி மீனை வாங்கிக்கொண்டு, புதிதாய் நுழைய வாசலுக்குத் திரும்பினார். நான் ஓடிப்போய், அவருக்காகக் கதவை மறுபடி திறந்து பிடித்தேன்.