கொப்பு மாஸ்டரின் குடை

பையைத் தோளில் போட்டுக்கொண்டு லொறி வளவிலிருந்து துறைமுக வீதியால் நடந்து போய்க்கொண்டிருந்தேன். பின்னால் எல்லாரும் கைதட்டுவது கேட்டது. கொப்பு மாஸ்டரின் மரம் பச்சையாகிவிட்டது என்று விளங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை.

திருகோணமலையில் கொம்பியூட்டருக்குக் குடை பிடித்த மனிதர் அவர் ஒருவர்தான். வளவில் கணக்கு எழுதும் கந்தோர் அறையின் கூரை ஒழுகும். மாஸ்டர் நனைவார், பெட்டி நனையாது. முன்பு கணக்கு ரியூசன் கொடுத்தவர். எந்த லொறி எப்போது துறைமுகத்துக்குள் போவது என்று தினமும் நடந்த சண்டையை முடிக்கச் சொல்லி, முதலாளி ஹாஜியார் அவரைக் கூட்டி வந்தார்.

மாஸ்டர் எல்லாரிடமும் நிபந்தனை கேட்டு விதியாக எழுதினார். மெசின் லொறிகளையும் ஆட்களையும் ஒவ்வொரு ஒழுங்கில் மாற்றிப் போட்டுப் பார்க்கும். உள்ளே அது படும் பாட்டை இன்னொரு புரோகிராம் திரையில் மரமாக வரையும்; ஒவ்வொரு ஒழுங்கும் ஒரு கிளை, ஒரு கொப்பு. ஒரு விதி முறிந்தால் அந்தக் கொப்பு சிவக்கும். எல்லா விதியும் பொருந்தினால் நுனியில் பச்சை இலை. சிவப்பைத் தொட்டால் முறிந்த விதி எழுத்தில் வரும். எங்கள் மரம் ஒவ்வொரு நாளும் முழுக்கச் செவ்வரத்தம்பூச் சிவப்புதான்.

"இந்தக் கொப்பில ஏறினா ரஷீது நானாவுக்கு ஜும்மா தவறும். அந்தக் கொப்பில சிவம் அண்ணைக்கு ராகுகாலம்" என்பார், லொறிச் சாரதிகள் இருவரையும் காட்டி, கிரிக்கெட் பார்ப்பவர் போல கதிரை நுனியில் உட்கார்ந்துகொண்டு.

ஒரு லொறிக்குக் கீழே நாய் குட்டி போட்டிருந்தது. கண் திறக்கும் வரை அந்த லொறி அசையக்கூடாது என்றும் ஒரு விதி எழுதினார்.

"நாய்க்கும் சட்டமா, மாஸ்டர்?" என்றார் ஹாஜியார்.

"அதுவும் இஞ்சதானே இருக்குது."

"வெள்ளிக்கிழமைக்குள்ள பச்சை வராட்டி, நீங்களும் பெட்டியும் வெளியில. கதிரை மட்டும் இஞ்ச இருக்கும்."

வேறெங்கும் அவரை யாரும் கூப்பிடப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் திரையைச் சுற்றி நின்றோம். மாஸ்டர் நாயின் விதியை எடுத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் சிவப்பு. மன்னிப்புக் கேட்டதுபோல அதைத் திரும்பப் போட்டார்.

"எந்த விதி முறியுதெண்டு தொட்டுக் காட்டுங்கோவன்" என்றார் சிவம் அண்ணை.

மாஸ்டர் குடையை விரித்துத் திரையை மறைத்தார். வெளியே நல்ல வெயில்.

"மழை வரும்" என்றார்.

"எங்க, உங்கட கண்ணுக்குள்ளயா?" என்று ரஷீது நானா குடையை விலக்கி, ஒரு சிவப்பைத் தொட்டார். அடுத்ததையும் தொட்டார். தொட்டதிலெல்லாம் ஒரே வரி. என் பெயரைப் போட்டு, "ஒவ்வொரு நாளும் இவனுக்கு வேலை இருக்கவேண்டும்."

ஓடினாலும் நின்றாலும் ஒரு லொறிக்கு ஒரு கிளீனர். லொறி ஆறு, கிளீனர்கள் ஏழு பேர். கடைசியாக வந்து சேர்ந்தவன் நான். அதற்கு முன் கட்டைபறிச்சானில் வயல், கிண்ணியாவில் செங்கல் சூளை. எங்கேயும் நிலைத்ததில்லை.

"அதை எடுங்கோ, மாஸ்டர்" என்றார் ஹாஜியார், மெதுவாக.

"ஏலாது, ஹாஜியார்."

"அப்ப நீங்க போகவேண்டி வரும்."

"ஓம்."

மனிதர் குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழும்பியே விட்டார். நான் அவரைப் பிடித்துக் கதிரையில் இருத்தினேன்.

"மாஸ்டர், எனக்கும் ஒரு நிபந்தனை இருக்கு. நான் ஒரு இடத்தில கனகாலம் நிக்கமாட்டன். அதையும் எழுதுங்கோ."

"பொய் சொல்லுறாய்."

"பாதிப் பொய்தான்" என்றுவிட்டுப் பையை எடுத்தேன்.

மறுநாள் காலை சாம்பல்தீவில் கரைவலை இழுக்கச் சேர்ந்தேன். எத்தனை பேர் வந்தாலும் அந்தக் கயிற்றில் பிடிக்க இடம் இருந்தது.

"நாளைக்கும் வருவியோ, இல்லாட்டி ஓடிடுவியோ?" என்றார் வலைக்காரர்.

"வருவன், அண்ணை. ஒவ்வொரு நாளும். அப்பிடியொரு விதி இருக்கு."