இராமலிங்கத்தின் இடது கால்

உயிரே போனாலும் ஆட்டோமேட்டிக் காரைத் தொடமாட்டேன் என்று இராமலிங்கம் சபதம் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாசலில், வாயில் பற்பசை நுரையோடு. எதிரே அவருடைய பழைய காருக்குப் பக்கத்தில் புத்தம் புது நீலநிற புரோட்டோன் கார் ஒன்று நின்றது. மனைவி தனலெட்சுமி தன் சேமிப்பில் வாங்கியது. அவரைக் கேட்காமல் வாங்கியது. அதைவிட மோசம், கிளட்ச் இல்லாமல் வாங்கியது.

"கிளட்ச் இல்லாதது காரா? சுவிட்சைப் போட்டா ஓடுறதுக்குப் பேரு மிக்சி."

"மிக்சின்னா எனக்குத்தான் நல்லா ஓட்ட வரும். நீங்க கவலைப்படாதீங்க" என்றாள் தனலெட்சுமி.

"உனக்கு லைசென்ஸ் எங்க இருக்கு?"

"எல்லாரும் பொறக்கும்போதே லைசென்ஸோடவா பொறந்தாங்க? எடுத்தா வருது லா."

தனலெட்சுமி கிள்ளானில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். பதினோரு வருடமாக பஸ்ஸில் நின்றுகொண்டு போய், நின்றுகொண்டு வருகிறவள். இராமலிங்கம் சுபாங் ஜெயாவில் ஒரு கிடங்கின் தலைமைக் குமாஸ்தா. ஃபெடரல் ஹைவேயில் இருவருக்கும் ஒரே திசைதான். சுபாங் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் வந்து இறக்கிவிடுங்களேன் என்று முதல் இரண்டு வருடம் அவள் கேட்டாள். "என் ரோடு சுபாங்கோட முடியுது" என்று அவர் சொன்னார். மூன்றாம் வருடம் அவள் கேட்கவில்லை. நியாயத்தை ஏற்றுக்கொண்டாள் என்று இராமலிங்கம் நினைத்துக்கொண்டார்.

புதுக் கார் வந்த வாரமே வெள்ளிக்கிழமை மாலை மழை பிடித்தது. சுபாங்கிலிருந்து வீடு வர இரண்டரை மணி நேரம். கிளட்ச்சை மிதி, ஒரு கார் நீளம் போ, கிளட்ச்சை மிதி, நில். வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது அவருடைய இடது முட்டி மடங்க மறுத்தது. மடங்கிய பிறகு நிமிர மறுத்தது. அரை மணி நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்து ரேடியோ கேட்பதுபோல நடித்தார்.

தனலெட்சுமி குடையோடு வந்தாள். "ரேடியோ ஓடவே இல்லியே."

"மனசுக்குள்ள கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவள் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்த் தைலம் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே சொன்னாள். "புதுக் கார் ஓடாம நின்னா பேட்டரி போயிடுமாம். திங்கக்கிழமை பக்கத்து வீட்டு ஜெயராஜை எடுக்கச் சொல்லியிருக்கேன். அவரு டாக்சி ஓட்டுறவரு. நல்லா ஓட்டுவாரு."

முட்டி வலியைவிட அது வலித்தது. "என் வீட்டுக் காரை அவன் எதுக்குத் தொடணும்? பேட்டரிக்காக நான் எடுக்கிறேன். பேட்டரிக்காக மட்டும்."

திங்கட்கிழமை பேட்டரிக்காகப் புறப்பட்டார். அவளும் ஏறிக்கொண்டாள். சுபாங் திருப்பத்துக்கு முன்னால் கார் வரிசை. முன்னால் போன கார் நின்றது. இருபத்தெட்டு வருடப் பழக்கம் இராமலிங்கத்தின் இடது காலைத் தூக்கிக் கிளட்ச் மேல் ஓங்கி வைத்தது. அங்கே கிளட்ச் இல்லை. பிரேக் இருந்தது. கார் குத்துக்கல்லாக நின்றது. தனலெட்சுமியின் கைப்பை முன் கண்ணாடியில் போய் மோதியது. இரண்டு நிமிடத்தில் மறுபடியும். மூன்றாவது முறை பின்னால் வந்த அரிசி லோரி ஒரு சாண் இடைவெளியில் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார்.

"அண்ணே, முடியலேன்னா அக்காகிட்ட கொடுங்கண்ணே."

"இருபத்தெட்டு வருஷமா ஓட்டுறேன் தம்பி."

"அப்ப இன்னிக்கு என்னாச்சு?"

தனலெட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

"இடது காலை மடக்கி சீட்டுக்கிட்ட வச்சுக்கோங்க" என்றாள் பிறகு.

"என் காலுக்கு நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று சொல்லிவிட்டுக் காலை மடக்கி சீட்டுக்கிட்ட வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தால் கார் தானாக நகர்ந்தது. வைத்தால் நின்றது. அவ்வளவுதான். சுபாங் போய்ச் சேரும்வரை இடது கால் மருமகன் மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தது. இராமலிங்கத்துக்கு சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருக்கிறதே என்று கோபமாகவும் இருந்தது.

செவ்வாயும் பேட்டரிக்காக ஓட்டினார். புதனும். வியாழக்கிழமை திடுக்கென்றது. இவள் லைசென்ஸ் எடுத்துவிட்டால்? கார் போய்விடும். மறுபடியும் கிளட்ச், மறுபடியும் தைலம். அன்றைக்கு மதியம் முழுக்க யோசித்து ஒரு திட்டம் போட்டார். இரவுச் சாப்பாட்டில் அதை எடுத்து வைத்தார்.

"தனம், இந்த மாதிரி கியர்பாக்ஸ் ரோடு ஜேம்ல சூடாகும். புதுக் கை பட்டா வெந்தே போயிடும். நீ லைசென்ஸ் எடுத்து எதுக்குக் கஷ்டப்படணும்? நானே ஓட்டுறேன்."

"கார் என்னோடது. நான் கிள்ளான் போக வேணாமா?"

"நான் கொண்டு விடுறேன்."

"தினமுமா?"

"தினமும்."

"சாயங்காலம்?"

"வந்து கூட்டிக்கிறேன்."

"சுபாங்கோட உங்க ரோடு முடிஞ்சிடுமே."

"நீட்டிட்டாங்க."

தனலெட்சுமி வெகுநேரம் யோசித்தாள். எனக்கு ஆசையாக இருந்ததே என்றாள். கண்ணைக்கூட ஒருமுறை துடைத்துக்கொண்டாள். கடைசியில், அவ்வளவு தூரம் சொல்கிறாரே என்று அரைமனதாக ஒப்புக்கொண்டாள். இராமலிங்கம் அன்றைக்கு இன்னும் இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வெற்றிக் களிப்பில் அடுத்த வாரமே பழைய காரை விற்றுவிட்டார்.

ஒரு மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் கிள்ளான் போய் நின்றபோது, தனலெட்சுமியோடு அதே ஆபீசில் வேலை செய்யும் பவுனம்மாளும் வந்து பின் சீட்டில் ஏறினாள். வழியில் பிஜேயில் இறங்கிக்கொள்வாளாம். மழை. ஹைவே முழுக்கச் சிவப்பு விளக்கு. இராமலிங்கம் பெருந்தன்மையான மனநிலையில் இருந்தார்.

"பாவம் தனம். லைசென்ஸ் எடுக்கணும்னு ரொம்ப ஆசையா இருந்தா. நான்தான் வேணாம்னுட்டேன்."

"அக்காவா?" என்றாள் பவுனம்மாள். "கார் வாங்குறதுக்கு முன்னாலேயே நான் டிரைவிங் ஸ்கூல் நம்பர் கொடுத்தேனே. கதவைத் திறந்து ஏறத் தெரிஞ்சா போதும், மிச்சத்தை அவரு பார்த்துக்குவாருன்னாங்க."

இராமலிங்கம் பிரேக்கை மிதித்தார். பின்னால் நாலு ஹார்ன் அடித்தது.

"திங்கக்கிழமையிலேர்ந்து நான் கிள்ளான் பக்கமே வரமாட்டேன். தெரிஞ்சுக்கோ" என்றார்.

"சரிங்க" என்றாள் தனலெட்சுமி, ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே. "ஜெயராஜ் எடுக்கட்டும். உங்களுக்கு ஆறே முக்காலுக்கு பஸ். நின்னுக்கிட்டே போகணும். முட்டிதான் தாங்குமான்னு பாருங்க."

முன்னால் இருந்த கார் நகர்ந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

பவுனம்மாள் முன்னால் எட்டிப் பார்த்தாள். "அக்கா, இது ரொம்ப வசதியா இருக்கே. நானும் ஒண்ணு வாங்கட்டுமா?"

தனலெட்சுமி ஒரு சுளையைக் கணவர் வாயில் ஊட்டிவிட்டுச் சொன்னாள்.

"வாங்கு. தானா ஓடும்னு கடைக்காரர் சொன்னப்ப நான்கூட முதல்ல நம்பல."