வண்டி பார்க்கக் கூட வருகிறவர்

வண்டி வாங்குகிறவரை உங்களுக்குத் தெரியும். விற்கிறவரையும் தெரியும். இவர்கள் இருவருக்கும் நடுவில் ஒருவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வண்டியை இடமிருந்து வலமாக ஒரு சுற்றும் வலமிருந்து இடமாக ஒரு சுற்றும் வந்து, கடைசியில் 'ம்ம்' என்று மூக்காலேயே ஒரு சத்தம் போடுவாரே, அவரைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் வாங்க வந்தவர் இல்லை. விற்க வந்தவரும் இல்லை. கூட வந்தவர். அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

கூட வருகிறவர் எல்லா ஊரிலும் உண்டு என்றாலும் எங்கள் ஜீலாங் பக்கம் கொஞ்சம் செழிப்பாகவே விளைகிறார். ஊரில் பாதிப்பேர் ஒரு காலத்தில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். மீதிப்பேர் பார்த்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். என் அக்கா நொரீனின் கணவர் டெஸ் இரண்டாம் வகை. முப்பது வருடம் கம்பளக் கடையில் தரைவிரிப்பு விற்றவர். ஆனால் அவரிடம் கம்பளத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை. சொந்தத்தில், தெருவில், தேவாலயத்தில் யார் பழைய வண்டி வாங்கப் போனாலும் டெஸ் கூடப் போவார். கூப்பிட வேண்டும் என்றில்லை.

இந்த இனத்துக்கென்று சில சாமான்கள் உண்டு. கைக்குட்டையில் சுற்றிய ஒரு காந்தம். அடிபட்ட இடத்தில் பட்டி வைத்துப் பூசியிருந்தால் காந்தம் ஒட்டாது. நட்டநடுப் பகலிலும் ஒரு டார்ச். படுத்து அடிப்பக்கம் பார்க்க ஒரு பழைய குளியலறை மிதியடி, இளஞ்சிவப்பு நிறம், அக்காவுடையது. பிறகு சில வாக்கியங்கள். 'நான் ஒண்ணும் சொல்லல.' 'உன் காசு, உன் இஷ்டம்.' எல்லாவற்றுக்கும் மேலாக, 'வண்டி நல்லாத்தான் இருக்கு, ஆனா...' அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவர் எதுவும் சொல்லவே மாட்டார். சொல்லவும் தேவையில்லை. அதைக் கேட்டு விற்கிறவர் முகம் சுருங்கும், வாங்குகிறவர் பணப்பையை மூடுவார், டெஸ் மட்டும் நிம்மதியாகச் சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுக்கொள்வார்.

சென்ற வருடம் நான் வண்டி வாங்கத் தீர்மானித்தேன். என் பெயர் கிளெனிஸ், வயது ஐம்பத்து நான்கு, பத்தொன்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். பத்தொன்பது வருடம், ஐம்பது பிள்ளைகள், ஊர்ந்து ஊர்ந்து போகும் பள்ளி வீதிகள், பின் இருக்கையில் எப்போதும் யாராவது வாந்தி. வீட்டில் இருந்ததோ தும்மினால் நின்றுவிடும் ஒரு சின்னக் கார். என் கணவருக்கு வண்டி என்பது தக்காளிச் செடிக்கு எரு மூட்டை ஏற்றிவர ஒரு பெட்டி, அவ்வளவுதான். எனக்கு வேறு ஆசை. நாலு கதவு, எட்டு சிலிண்டர். வெளியே பார்த்தால் வங்கி மேலாளர் வண்டி மாதிரி அடக்கமாக நிற்க வேண்டும். மிதித்தால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். எந்தக் கம்பெனி வண்டி என்று மட்டும் சொல்ல மாட்டேன். எங்கள் நாட்டில் இந்த விஷயத்தில் இரண்டு கம்பெனி, இரண்டு கட்சி. சொன்னால் பாதிச் சொந்தம் கிறிஸ்துமஸுக்கு வராது. இப்போது அப்படிப்பட்டவை புதிதாக வருவதில்லை. பழையதைத்தான் தேட வேண்டும்.

தேடினேன். டெஸ் கூட வந்தார்.

வெரிபீயில் ஒரு வண்டி. கறுப்பு. சைலன்ஸர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதது. டெஸ் குனிந்து பின் டயர் இரண்டையும் தடவினார்.

"முன் டயர் புதுசாட்டம் இருக்கு. பின் டயர் வழுக்கை. ஏன்னு நெனக்கிற?"

"ஏன்?"

"நின்ன எடத்துலயே சுத்தவிட்டுப் புகை கிளப்பியிருக்கான் பையன். நான் ஒண்ணும் சொல்லல."

அது நியாயம். இன்னொன்றில் முன் பாதி ஒரு வெள்ளை, பின் பாதி இன்னொரு வெள்ளை. இரண்டு வண்டிகளுக்குக் கல்யாணம் செய்துவைத்திருந்தார்கள். அதையும் டெஸ்தான் கண்டுபிடித்தார். சும்மா சொல்லக் கூடாது, மனிதருக்குக் கண் இருக்கிறது. ஆனால் மூன்றாவது வண்டியை ஒதுக்கியதற்குக் காரணம், இருக்கை சூடாக இருந்ததாம். வெயிலில் நிறுத்தினால் சூடாகாமல் என்ன செய்யும்? ஐந்தாவது வண்டிக்காரர் வேண்டாத அளவுக்கு மரியாதையாகப் பேசினார், எதையோ மறைக்கிறார். ஆறாவதுக்காரர் மரியாதையாகப் பேசவில்லை, அவரும் எதையோ மறைக்கிறார். ஒன்பது வண்டி, நான்கு மாதம். போகிற இடமெல்லாம் விற்கிறவர்கள் டெஸ்ஸிடம்தான் பேசினார்கள். நான் பணப்பையோடு பக்கத்தில் நின்றேன், கல்யாணத்தில் தாம்பாளம் பிடிக்க வந்தவள் மாதிரி.

பத்தாவது வண்டி கோலாக்கில் இருந்தது. வாலஸ் என்று ஒரு பெரியவர், பால்பண்ணை வைத்திருந்தவர். கண் மங்கிவிட்டது, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடர்ந்த பச்சை நிற வண்டி. கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். அவரும் முதலில் டெஸ்ஸைத்தான் பார்த்தார். பிறகு, "ரெண்டு பேர்ல யாரு ஓட்டப் போறது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

சாவியை என் கையில் வைத்தார். "ரெண்டாவது கியர்லயே ரொம்ப தூரம் போகும்மா. அவசரப்படுத்தாத, அதுவே அவசரப்படும்."

ஓட்டினேன். என்ன சொல்ல? ஊரைத் தாண்டியதும் மேட்டில் லேசாகத்தான் மிதித்தேன். வண்டி எழுந்து போனது. கத்தவில்லை, உலுக்கவில்லை, தொண்டைக்குள் ஒரு கனைப்பு, அவ்வளவுதான், மேடு பின்னால் போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்தொன்பது வருடத்தில் ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பக்கத்தில் டெஸ் சிரிக்கவில்லை. திரும்பி வந்ததும் காந்தத்தை எடுத்தார். எல்லா இடத்திலும் ஒட்டியது. டார்ச் அடித்தார். மிதியடி விரித்துப் படுத்தார். எழுந்திருக்கவே கால் மணி நேரம் ஆனது. பிறகு என்னைத் தனியாகக் கூட்டிப்போனார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு, ஆனா..."

"என்ன ஆனா?"

"பின்னால ஒரு உறுமல் கேட்டுதே, கவனிக்கல? பின் அச்சு போகப்போகுது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே, டெஸ்."

"உனக்குக் கேக்காது. பழகின காதுக்குத்தான் கேக்கும்."

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பேருந்தில் ஒரு சக்கரம் கெட்டுப்போகப்போகிறது என்றால் பணிமனைக்காரர்களுக்கு இரண்டு வாரம் முன்பே எனக்குத் தெரியும். காதால்தான் தெரியும். அவர்களே என்னிடம் வந்து கேட்பார்கள். அப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டு, கம்பளம் விற்றவர் பேச்சைக் கேட்டு, வாலஸிடம் "யோசிச்சுச் சொல்றேங்க" என்றேன். அவர் தலையாட்டினார். திரும்பி வருகிற வழியில் ஒரு கடையில் நிறுத்தினோம். டெஸ் இரண்டு இறைச்சிப் பணியாரம் வாங்கிவந்து ஒன்றை எனக்குக் கொடுத்தார். "காப்பாத்தினேன்னு நெனச்சுக்கோ" என்றார்.

இரண்டு வாரம் போனது. தினமும் பேருந்தை ஓட்டும்போது அந்த மேடுதான் ஞாபகம். அந்த உறுமலை மனதுக்குள் தேடித் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல், வாலஸுக்குப் போன் போட்டேன்.

"வண்டி இருக்குங்களா?"

"ஏம்மா, வண்டி இன்னும் உன் கைக்கு வரலையா?" என்றார் பெரியவர். "அந்த வாரம் செவ்வாக்கிழமையே உன் அக்கா புருஷன் வந்து எடுத்துட்டுப் போயிட்டாரே. உனக்குன்னுல்ல நெனச்சேன்?"

லாராவில் அக்கா வீடு. சின்னக் காரில் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. அக்கா கதவைத் திறந்தாள்.

"டெஸ் எங்க?"

"ஷெட்ல. பத்து நாளா சோறு தண்ணி எல்லாம் அங்கதான். ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு? வண்டியை நீ வேணாம்னுட்டேன்னு சொன்னானே?"

"நான் வேணாம்னேனா?"

நொரீன் கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

பச்சை வண்டி ஷெட்டுக்குள் நின்றது. பானட் திறந்திருந்தது. டெஸ் அதன் முன்னால் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கையில் தேநீர். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். தேநீர் கொஞ்சம் சிந்தியது.

"வந்துட்டியா. நானே சொல்லணும்னு இருந்தேன்."

"பின் அச்சு என்னாச்சு டெஸ்?"

"அது... தெரிஞ்சவங்களுக்கு இந்த மாதிரி வண்டியைக் கை காட்ட முடியுமா? நாளைக்கு நடுரோட்ல நின்னுச்சுன்னா? எனக்குன்னா பரவால்ல. சத்தத்தோட நான் சமாளிச்சுக்குவேன்."

"சாவியைக் குடு."

கொடுத்தார். நான் ஓட்ட, அவர் பக்கத்தில், அக்கா பின் இருக்கையில் சமையல் அங்கியோடு. யூ யாங்ஸ் குன்றுப் பக்கம் நேர்க்கோடாக ஒரு சாலை உண்டு. கண்ணாடிகளை இறக்கினேன். நூறில் போனோம். பிறகு இன்ஜின் ஓசை அடங்க கிளட்சை மிதித்து உருளவிட்டேன். டயர் சத்தம், காற்று, வேலிக்கு அப்பால் ஒரு மக்பை பறவை. வேறொன்றுமில்லை.

"எங்க உறுமுது?" என்றேன்.

டெஸ் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ கேக்குறால்ல?" என்றாள் பின்னாலிருந்து அக்கா.

"இன்னிக்கு இல்ல."

"அன்னிக்கு?"

டெஸ் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினார், மறுபடி இறக்கினார். பிறகுதான் சொன்னார். "அன்னிக்கும் இல்ல."

வண்டியை ஓரங்கட்டினேன். திட்டுவதற்கு ஒரு பட்டியலே தயாராக வைத்திருந்தேன். ஆனால் மனிதர் தன் கையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்துவிட்டார்.

"முப்பது வருஷமா ஊர்ல எல்லாருக்கும் பாத்துக் குடுத்துட்டேன். எனக்குன்னு பாக்கப் போனா மட்டும் ஒண்ணு மாத்தி ஒண்ணு குத்தம் தெரியும். வாங்காமலே விட்டுருவேன். இதுல ஒண்ணுமே இல்ல கிளெனிஸ். அடில படுத்துத் தேடுறேன், தேடுறேன், ஒரு துரு கூட இல்ல. நீ வேற அந்த மேட்டுல சிரிச்சியா... உறுமுதுன்னு வாய்ல வந்துருச்சு. சொன்னதுக்கப்புறம் எடுக்க முடியல."

"செவ்வாக்கிழமை கோலாக் வரைக்கும் போக மட்டும் முடிஞ்சுதாக்கும்" என்றாள் அக்கா.

எனக்குக் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதி அப்படியே இருந்தது. 'போகட்டும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்று பெரிய மனதோடு சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. நான் சொன்னது இது: "டெஸ், நீ எவ்வளவு குடுத்தியோ அதைத் தர்றேன். உன்மேல இருக்கிற கோபம் தனி, அதை இதுல கழிச்சுக்க மாட்டேன்."

அவர் வாயைத் திறந்தார்.

"ஆனான்னு ஆரம்பிச்சே, இங்கேயே எறக்கிவிட்டுட்டுப் போயிருவோம்" என்றாள் நொரீன்.

வாயை மூடிக்கொண்டார். அன்று சாயங்காலமே பெயர் மாற்றும் தாளில் கையெழுத்துப் போட்டார். பேனா எழுதவில்லை என்றார், அக்கா வேறு பேனா கொடுத்தாள். நான் வாலஸுக்குப் போன் போட்டு வண்டி என்னிடம் வந்துவிட்டது என்று சொன்னேன். "அவசரப்படுத்தாதன்னு சொன்னேனே, அப்படியே ஓட்டினியா?" என்றார் பெரியவர். இல்லை என்று உண்மையைச் சொன்னேன். சிரித்தார்.

ஒரு மாதம் டெஸ் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆயில் அளவு பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு வாசலில் நின்றார். கையில் காந்தம் இல்லை, டார்ச் இல்லை. வெறும் கையோடு அவரைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. சாவியைக் கொடுத்து, "ஊர் எல்லை வரைக்கும் போயிட்டு வா" என்றேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். தலைமுடி கலைந்திருந்தது. குற்றம் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "பெட்ரோல் போட்டிருக்கேன்" என்றார்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தீர்களே, உண்மையைச் சொல்லுங்கள். 'இந்தப் பெண் கிளட்ச் எப்போது மாற்றியது என்று கேட்கவே இல்லையே' என்று நடுவில் ஒரு முறை நினைத்தீர்களா? 'ஏமாற்றியவருக்கு முழுத் தொகையா, நானாக இருந்தால் கொஞ்சம் குறைத்திருப்பேன்' என்று கணக்குப் போட்டீர்களா? எட்டு சிலிண்டர் இந்தக் காலத்தில் பெட்ரோல் குடித்தே கொல்லுமே என்று தலையைத்தான் ஆட்டினீர்களா? அப்படியானால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது, "வண்டி பாக்கப் போறேன், சும்மா கூட வாங்களேன்" என்று கூப்பிட்டால், வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.

அவர்களாவது வண்டி வாங்கட்டும்.