எங்கேபோடலாம் சார்

அந்தப் பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு காவலாளியின் வாயிலிருந்து. சின்னம்மா மகளைப் பார்த்து ரொம்ப நாளாயிற்றே என்று கிளம்பிப் போயிருந்தேன். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் எல்லாக் கதவும் ஒரே நிறம். வீட்டு எண்ணை எழுதிய சீட்டு கைப்பையின் எந்த மூலையில் போய்ப் பதுங்கியதோ தெரியவில்லை. மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். காவலாளி உதட்டைப் பிதுக்கினார். சோபா கம்பெனியில் ஸ்டோர்கீப்பர், ஒல்லியாக இருப்பார், கழுத்துப் பட்டன்வரை போட்டிருப்பார் என்று அடையாளம் சொன்னேன்.

“அட, எங்கேபோடலாம் சாரா! முதல்லயே சொல்றதுக்கென்னம்மா? நாலாவது மாடி, இடது கைப் பக்கம்.”

இருபத்தாறு வருஷமாக அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கரண்டு பில் மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கேபோடலாம் என்பது ஒரு தனி இனம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், தேடிப் போக வேண்டாம், அவரே வருவார். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கும், காதில் கொஞ்சம் செய்தி விழுந்திருக்கும், நாடு முழுக்க வியாபாரம் படுத்துவிடப் போகிறது, மந்தம் வரப் போகிறது என்று எவனோ தொலைக்காட்சியில் கண்ணை உருட்டிச் சொல்லியிருப்பான், அவ்வளவுதான், அந்த நிமிஷத்திலிருந்து இவருக்குச் சோறு இறங்காது. முதலில் இடமும் வலமும் பார்ப்பார். பிறகு சட்டைப் பட்டனைத் தொட்டுக்கொள்வார். பிறகு குரலைத் தாழ்த்துவார்.

“ஒரு சின்ன விஷயம். காலம் சரியில்லைங்கிறாங்க. இருக்கறதை எங்கே போடலாம்?”

யாரிடம் கேட்பார் என்கிறீர்கள்? பணம் உள்ளவர்களிடமா? அதெல்லாம் இல்லை. முடிவெட்டுகிறவரிடம் கேட்பார். குழாய் ரிப்பேருக்கு வந்தவர் தொட்டிக்கடியில் தலையை விட்டுக்கொண்டிருக்கும்போது, அவருடைய காலைப் பார்த்துக் கேட்பார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே கேட்பார். ஒருமுறை லிப்ட் பாதியில் நின்றுவிட்டது. இவரோடு உள்ளே மாட்டிக்கொண்ட ஐந்து பேரில் நான்கு பேர் கதவைத் தட்டினார்கள், இவர் ஐந்தாவது ஆளிடம் நிலம் பரவாயில்லையா என்று விசாரித்தார்.

சரி, கேட்டதற்குப் பதில் சொன்னால் விட்டுவிடுவாரா? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, “அதுல ஒரு சிக்கல் இருக்கு” என்பார். தங்கம் என்றால் திருடன். பேங்க் என்றால் திவால். நிலம் என்றால், “ஓடுற நேரத்துல நிலத்தைச் சுருட்டிக்கிட்டா ஓட முடியும்?” பங்கு என்றால், “ஏறும்போது நம்மகிட்ட சொல்லாது, இறங்கும்போது டிவியில சொல்லுவான்.” வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்களேன் என்றால் எலி. எலிக்கும் இவரிடம் ஒரு புள்ளிவிவரம் உண்டு.

இத்தனை அலசலும் நடந்துகொண்டிருக்க, பணம் எங்கே இருந்தது? சம்பளம் வந்து விழுகிற அதே கணக்கில், விழுந்த இடத்திலேயே, பதினோரு வருஷமாக மல்லாந்து படுத்திருந்தது. நடுவில் ஒரு மந்தம் வந்து, இருந்து, போயும் போய்விட்டது. எங்கே போடலாம் என்ற யோசனையில் இருந்ததால் இவர் அதைக் கவனிக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், கம்பெனியில் இதே மனிதர் ராஜா. எந்தத் திருகாணி எந்த டப்பா, எந்தச் சுருள்வில் எந்தத் தட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டுவார். உலகத்திலுள்ள எல்லாவற்றையும் எங்கே போடுவது என்று அவருக்குத் தெரியும், தன் பணத்தைத் தவிர.

இனி என் தங்கை. சின்னம்மாவின் நான்கு பெண்களில் மூன்றாமவள், நால்வரிலும் பொறுமைசாலி என்று பேர் வாங்கியவள். சலவைக் கடையில் பன்னிரண்டு வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறாள். அந்தப் பொறுமையின் ரகசியம் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். கடைசி ஆறு வருஷமாக அவளுக்குப் பாதிக்கு மேல் காது கேட்கவில்லை. புருஷன் பேசுவார், இவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். கொடுத்து வைத்த மனுஷன் என்று ஊரே சொல்லிற்று.

டாக்டர் இரண்டு காதுக்கும் மெஷின் எழுதிக் கொடுத்தார். விலை, இருந்த சேமிப்பில் கால்வாசி. மாப்பிள்ளை மறுக்கவில்லை, மறுக்கிற ஆளே இல்லை. “வாங்கிடலாம். இந்த மந்தம் வந்துட்டுப் போகட்டும்” என்றார். வராத விருந்தாளிக்காக அடுப்பை மூடி வைத்த கதைதான்.

ஒருநாள் ஒருவர் வெள்ளைச் சட்டையைத் தனியாகத் துவைக்கச் சொல்லிக் கொடுத்தார். தங்கை சிரித்து வாங்கிக்கொண்டாள். சட்டை ரோஜா நிறத்தில் திரும்பி வந்தது. போட்டுக்கொள்ள வேண்டியவர் வக்கீல். அன்று சாயங்காலம் கடைக்கார அம்மாள் சலவைச் சீட்டின் பின்பக்கம் எழுதி இவளிடம் நீட்டினாள்: “அக்கா, வேலை குறையுது. கவுண்டருக்கு ஒருத்தர்தான் இனிமே. மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன். காதுக்கு ஏதாவது பண்ணுங்க.”

அந்தச் சீட்டை அவள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மாப்பிள்ளை இரண்டு தடவை படித்தார். தலை சாய்ந்தது. இப்போது அவர் சொல்வதைப் படிக்க அவளுக்கு உதடுகூடத் தேவைப்படவில்லை.

“அதுல ஒரு சிக்கல் இருக்கு. இந்த நேரத்துல போய் யாராவது செலவு பண்ணுவாங்களா? நாளைக்கு உன் வேலை போச்சுன்னா அந்தப் பணம்தானே கை கொடுக்கும்?”

“ஏங்க, அதைச் செலவழிச்சா வேலையே போகாதே!”

“என்னது?” என்றார். அந்த வீட்டில் யாருக்குக் காது கேட்கவில்லை, நீங்களே சொல்லுங்கள்.

கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. சனிக்கிழமை காலை அவர் முடிவெட்டப் போன நேரம் பார்த்துக் கிளம்பினாள். பேங்க் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் என்னவோ கேட்டாள். தங்கைக்கு ஒரு எழுத்தும் விழவில்லை. இத்தனை வருஷத்தில் அவரைக் கேட்காமல் ஒரு துடைப்பம் வாங்கியதில்லை. சிரித்தாள், ஆமாம் என்றாள், கையெழுத்துப் போட்டாள். பணம் வந்தது.

மெஷினை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியதும் கையிலிருந்த ரசீது சரசரத்ததாம், அதற்கே நின்றுவிட்டாளாம். “அக்கா, என் செருப்புக்குச் சத்தம் உண்டுன்னே மறந்துட்டேன்” என்று என்னிடம் சொன்னாள்.

மூன்று நாள் மாப்பிள்ளை ஒன்றும் கவனிக்கவில்லை. தலைமுடி மறைத்துக்கொண்டது. அந்த மூன்று நாளும் அவள் அவர் பேசியதையெல்லாம் முழுசாகக் கேட்டாள். ஆறு வருஷமாக மனுஷன் எவ்வளவோ விஷயம் பேசுகிறார், நமக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை என்று மருகிக்கொண்டிருந்தவள், அத்தனையும் ஒரே விஷயம் என்று அப்போதுதான் கண்டுபிடித்தாள்.

நான்காம் நாள் அவர் கூடத்தில் உட்கார்ந்து, காலுறையைப் போட்டுக்கொண்டே, தனக்குள் முணுமுணுத்தார்: “எங்கேதான் போடறது…”

சமையலறையிலிருந்து பதில் வந்தது. “போட்டாச்சு.”

ஒரு கால் அந்தரத்தில் நின்றது. “எங்கே?”

“காதுல.”

காலைக் கீழே வைத்தார். பிறகு மெல்ல, பழக்க தோஷம், “அதுல ஒரு சிக்கல்…” என்று ஆரம்பித்தார்.

“சொல்லுங்க. கேக்குது.”

மனுஷன் அன்றைக்குச் சிக்கலைச் சொல்லாமலே வேலைக்குப் போனார்.

அந்த வருஷமே மந்தம் நிஜமாக வந்தது. காலம் கெட்டால் யார் சோபா வாங்குவார்கள்? கம்பெனி பூட்டிக்கொண்டது. புதுத்துணி வாங்காதவர்கள் பழையதைத் துவைத்துப் போட்டுக்கொண்டார்கள், சலவைக் கடை மட்டும் இரைந்துகொண்டே இருந்தது. கவுண்டரில் ஒருத்தர்தான் என்றார்களே, அந்த ஒருத்தி என் தங்கை. பின்னறையில் மூட்டைகள் குவிந்து, யாருடையது எங்கே என்று தெரியாமல் கடைக்கார அம்மாள் தலையில் அடித்துக்கொண்டபோது, “எங்க வீட்டுல ஒருத்தர் சும்மா இருக்கார். எதை எங்கே வைக்கணும்னு அவருக்கு அத்துப்படி” என்று சிபாரிசு செய்ததும் அவள்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நாம் அந்த இனம் இல்லை என்ற தைரியம். நல்லது. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பணம், மந்தம் என்று ஆரம்பித்ததும், இந்தக் கிழவி கடைசியிலாவது எங்கே போடலாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதானே இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்கள்? பட்டனைத் தொட்டுக்கொண்டீர்களா, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீதி முக்கால்வாசிப் பணம் இன்னும் அதே கணக்கில்தான் படுத்திருக்கிறது. மாப்பிள்ளை இப்போது சலவைக் கடைப் பின்னறையில், தங்கை கூப்பிடும் எண்ணுக்கு மூட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.