இருபது ரூபாய் சம்மதம்

"ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதை அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் தெரிந்துகொள்ள அரசனுக்கும் உரிமை இல்லை, புருஷனுக்கும் உரிமை இல்லை. ஆண்டவனே எட்டிப் பார்த்தாலும் குற்றம்தான்!"

கள்ளக்குறிச்சி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, தன் மேசைக்குப் பின்னால் நின்று இப்படி முழங்கியபோது, பத்திர எழுத்தர் தெய்வசிகாமணி தன் மனைவி எங்கே போய்விட்டாள் என்று போனில் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்ப நீங்க பாக்கறது இன்னா சார்?" என்றார் பாகப்பிரிவினைக்கு வந்து காத்திருந்த ஒருவர்.

"நான் சம்மதம் வாங்கியிருக்கேன்யா. முத்திரைத்தாள்ல!" தோல்பையைத் தட்டிக் காட்டினார் தெய்வசிகாமணி.

காலையில் வீட்டுக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. கோகிலவாணி அந்தத் தாளை அவர் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது இன்னாங்க?"

"மாத்திரை டூப்ளிகேட்டா இருக்கும்."

"இனிப்பு எதனா துன்னீங்களா?"

"சத்தியமா இல்ல. ஆறு மாசமா டீக்கே சர்க்கரை போடறதில்ல. இனிமேயும் அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

"தினம் சாயந்திரம் நாலு மணிக்கு எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன்? ஆபீசுல வில்லங்கம் பாத்துக்கினு இருப்பேன்."

கோகிலவாணி அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "பொய் சொல்ற மனுசனோட இனிமே என்னால குப்பை கொட்ட முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டாள். போய்விட்டாள்.

அவள் கோபித்துக்கொள்வது புதிதல்ல. ஆனால் எவ்வளவு கோபத்திலும், திட்டுவதற்காகவாவது போனை எடுப்பாள். இன்று பதினோரு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. தெய்வசிகாமணிக்குப் பயம் வந்தது. அதைச் சட்டத்தால் அடக்கப் பார்த்தார்.

சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் கோகிலவாணி வாரச் சந்தையில் போனைத் தொலைத்துவிட்டுத் திரும்பக் கண்டெடுத்தாள். அப்போது போன் கடை எழில்மதிதான், "ஒருத்தர் இருக்கற எடம் இன்னொருத்தர் போன்ல தெரியற மாரி செஞ்சிடலாம் சார். ஆனா அவங்க சம்மதிக்கணும்" என்றாள்.

சம்மதம் என்ற சொல் காதில் விழுந்தால் தெய்வசிகாமணியின் பேனா சும்மா இருக்காது. இருபது ரூபாய் முத்திரைத்தாளில், நல்ல நினைவோடும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, மனப்பூர்வமாக என்று தொடங்கி இரண்டு பக்கத்துக்கு ஒரு பத்திரம் எழுதினார். சாட்சி இரண்டு பேர். குடும்பத் தலைவர் என்ற முறையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டார். மனைவியின் பெயருக்குக் கீழே தன் பெயர் வருவதை அவரால் கற்பனைகூடச் செய்ய முடியாது.

கோகிலவாணி இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். ஒரு மாதிரி சிரித்தாள். கையெழுத்துப் போட்டாள். பத்திரத்தில் உள்ளபடி எழில்மதி இரண்டு போனையும் சரிசெய்து கொடுத்தாள்.

அதன் பிறகு தெய்வசிகாமணி அதை ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. பத்திரம் கையில் இருந்தால் நிலத்தை எதற்குப் போய்ப் பார்க்க வேண்டும்?

இன்று திறந்தார். கோகிலவாணியின் படம் சிறியதாகத் தெரிந்தது. அதற்குக் கீழே வரைபடம். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. புள்ளி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே நின்றது.

"இங்கதான் எங்கயோ இருக்கா!" என்று பாய்ந்து வெளியே வந்தார். ஜெராக்ஸ் கடை, இளநீர் வண்டி, முத்திரைத்தாள் விற்பவரின் குடை எல்லாவற்றுக்கும் பின்னால் பார்த்தார். காணோம். தெருவில் நடந்தார். புள்ளியும் நகர்ந்தது. பஸ் ஸ்டாண்டை நோக்கி!

புரிந்துவிட்டது. கோகிலவாணியின் தங்கை வெள்ளிமலையில் இருக்கிறாள். மலைக்குத்தான் கிளம்பிவிட்டாள். தெய்வசிகாமணி ஓட்டமும் நடையுமாகப் போனார். பஸ் ஸ்டாண்டு முனையில் இன்னாசியின் மிட்டாய்க் கடை. காலையில்தான் சத்தியம் செய்திருந்ததால் அந்தப் பக்கம் மட்டும் தலையைத் திருப்பவில்லை. அவ்வளவு கட்டுப்பாடு.

புள்ளி, மலையடிவாரத்துக்குப் போகும் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸின் மேல் நின்றது. ஏறினார். பஸ் கிளம்பியது. புள்ளியும் கிளம்பியது. ஆக, இதே பஸ்ஸில்தான் இருக்கிறாள். பஸ் முழுக்கப் பெண்கள். சிலர் முக்காடு போட்டிருந்தார்கள். அவர் வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார்.

"இன்னா பெரியவரே, மூஞ்சி மூஞ்சியா பாத்துக்கினு வர்ற?" என்றாள் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்த ஒருத்தி.

"என் சம்சாரத்தைத் தேடறேம்மா. முறைப்படி சம்மதம் வாங்கித்தான் தேடறேன். இதோ பாரு பத்திரம்."

"அதுங்கிட்ட வாங்கின, சரி. எங்கிட்ட வாங்கினியா?"

பஸ்ஸே சிரித்தது. நடத்துநர் அவரைக் கடைசி இருக்கைக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தார். "எறங்கற வரைக்கும் எழுந்திருக்காதீங்க சார். அடி வாங்கி வெச்சா நான்தான் பதில் சொல்லணும்."

கச்சிராயபாளையத்தில் இறங்கியதும் புள்ளியும் இறங்கியது. அவர் டீக்கடையில் நின்றால் அதுவும் நின்றது. பத்தடி தூரத்தில் ஒளிந்துகொண்டு விளையாடுகிறாள்! கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். டிரெய்லருக்கு அடியிலும் பார்த்தார்.

"ரைட்டர் சார், கரும்புல இன்னா தேடறீங்க?" என்று கேட்டான் ராபின். மலைக்கு ஜீப் ஓட்டுபவன். அவன் அப்பாவின் நிலத்துக்குப் பத்திரம் எழுதியவர் தெய்வசிகாமணி.

விஷயத்தைக் கேட்டுவிட்டு ராபின் தலையை ஆட்டினான். "இங்கல்லாம் சிக்னலு லேட்டா வரும் சார். புள்ளி இங்க இருக்குதுன்னா ஆளு முன்னாடி போயிருப்பாங்க."

"எவ்ளோ லேட்டு?"

"அது சிக்னலுக்குத்தான் தெரியும். ஏறுங்க, புடிச்சிடலாம்."

ஜீப் கோமுகி அணையைத் தாண்டி மலையேறியது. பின்னால் ரேஷன் அரிசி மூட்டைகளும் ஐந்தாறு பேரும். புள்ளி வளைவுக்கு வளைவு கூடவே வந்தது.

"நாம போற அதே வேகத்துல போறாடா ராபின்!"

"அப்ப முன்னாடி போற வண்டிதான் சார்."

முன்னாடி போன வண்டியைக் குறுகலான வளைவில் முந்தினார்கள். அதில் பதினான்கு ஆடுகள் இருந்தன. பதினான்கும் தெய்வசிகாமணியைப் பார்த்தன. ஆட்டுக்காரர் கெட்ட வார்த்தையில் ஏதோ சொன்னார். புள்ளி ஆடுகளையும் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

அடுத்த வளைவில் சிக்னல் போயிற்று. புள்ளி சாம்பல் நிறமாகி, அசையாமல் நின்றது. வரைபடத்தில் ஒரு பக்கம் பாதை. மறுபக்கம் ஒன்றும் இல்லை.

"நிறுத்து!"

இறங்கினார். வரைபடத்தில் ஒன்றும் இல்லாத இடத்தில் கிடுகிடு பள்ளம் இருந்தது. எட்டிப் பார்த்தார். மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டார். காலையில் அவள் பார்த்த அந்த ஒரு நிமிடப் பார்வை கண்ணுக்குள் வந்து நின்றது.

"கோகிலா!" என்று கத்தினார். அந்தக் குரலில் பத்திரத்தில் வரும் முதல் நபர், இரண்டாம் நபர் எதுவும் இல்லை. "நான் பொய் சொல்லிட்டேன்டி! ஜாங்கிரி துன்னேன்! தினமும் துன்னேன்!"

"துன்னேன்... துன்னேன்..." என்றது மலை.

ஜீப்பில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாவம், சக்கரை ஆளு போல" என்றது ஒரு குரல்.

ராபின் அவர் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு, சிக்னல் தேடி மேட்டுப்பக்கம் நடந்தான். திரும்பி வந்தபோது புள்ளி நீலமாகியிருந்தது. அவன் முகம் ஒரு தினுசாக இருந்தது.

"சார், இந்தப் புள்ளிய ஒரு தபாவாவது தொட்டுப் பாத்தீங்களா?"

"தொட்டா அழிஞ்சிடுமேன்னு தொடல."

ராபின் தொட்டான். 'உங்கள் இருப்பிடம்' என்று எழுத்து வந்தது.

"இது நீங்க சார்."

"நானா?"

"காலையிலேர்ந்து உங்களை நீங்களேதான் தொரத்திக்கினு வந்திருக்கீங்க."

தெய்வசிகாமணிக்குப் போன உயிர் திரும்பியது. திரும்பிய கையோடு கோபமும் வந்தது. "அந்த எழில்மதி மாத்தி வெச்சிட்டா! விடமாட்டேன். பத்திரத்துல தெளிவா எழுதியிருக்கேன், கேளு." தோல்பையிலிருந்து முத்திரைத்தாளை உருவி உரக்கப் படித்தார். "நல்ல நினைவோடும்... மனப்பூர்வமாகவும்... தன் இருப்பிடத்தைக் காட்டச் சம்மதித்து எழுதிக் கொடுப்பவர்..."

நின்றுவிட்டார்.

பத்திரத்தில் முதலில் வரும் பெயர் எழுதிக் கொடுப்பவருடையது. அடுத்து வருவது எழுதி வாங்குபவருடையது. இருபத்தாறு வருடத்தில் ஊரார் பத்திரம் ஒன்றில்கூட இதை அவர் மாற்றி எழுதியதில்லை.

முதலில் இருந்தது தெய்வசிகாமணி.

எட்டிப் பார்த்த ராபின் மெதுவாகச் சொன்னான். "அப்ப, அம்மாதான் உங்களைப் பாக்கலாம் சார். சட்டப்படி."

தெய்வசிகாமணி இதன் முழு விளைவையும் யோசிக்கத் தொடங்குவதற்குள் போன் அடித்தது. கோகிலவாணியின் எண். எடுத்தவர் அவளைப் பேசவிடவில்லை.

"கோகிலா! எங்க இருந்தாலும் வூட்டுக்கு வந்துடுடி. ஒத்துக்கறேன். ரெண்டு. தினமும் ரெண்டே ரெண்டு ஜாங்கிரிதான். உம்மேல சத்தியம்!"

மறுமுனையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"சார், நான் இன்னாசி, மிட்டாய்க் கடை. அம்மா காலையிலேர்ந்து நம்ம கடை உள்ளாறதான் உக்காந்துக்கினு இருக்காங்க. ஆறு மாசமா நாலு மணிக்கு உங்க புள்ளி இங்கதான் நிக்குமாம், கையும் களவுமா புடிக்கலாம்னு வந்தாங்களாம். புள்ளி மலைமேல போய் நின்னுபோச்சுன்னு பயந்து ஒரே அழுகை, அதான் நான் பேசறேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன் சார். தினம் நாலு ஜாங்கிரின்னு நான் காலையிலேயே சொல்லிட்டேன்."